காசிமேட்டில் ஒரு புள்ளி: அட்சரேகை, தீர்க்கரேகை படிப்பது எப்படி?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகு ஒன்றின் ஜி.பி.எஸ். திரையில் இப்படி ஒரு வரி தெரியும்: என் 13°07.500′, ஈ 080°17.820′. இந்த ஒரு வரியைத் தப்பில்லாமல் படிக்கப் பழகினால் உலக வரைபடத்தில் பாதி புரிந்துவிடும். அதனால் இந்தப் பாடம் முழுக்க இதே புள்ளிதான்.

வேண்டியவை: கமலா ஆரஞ்சு 2, கத்தி, போன், 1 மீட்டர் நீளத்தில் நேரான கம்பு, அளவு டேப், மேஸ்திரிகள் வைத்திருக்கும் தூக்குகுண்டு. சாத்துக்குடி வேண்டாம், தோல் சுலபமாக உரியாது.

படி 1: பழத்தில் கோடு பாருங்கள்

முதல் ஆரஞ்சை உரியுங்கள். தோலைத் தூக்கிப் போடாதீர்கள், பிறகு தேவைப்படும். காம்பு இருந்த இடம் வடதுருவம், அடிப்பக்கம் தென்துருவம். சுளைகளுக்கு நடுவே காம்பிலிருந்து அடிவரை இறங்குகிற கோடுகள்தான் தீர்க்கரேகைகள். நடுவில் விலகி நின்று, இரண்டு முனையிலும் ஒன்றாகச் சேர்கின்றன.

இரண்டாவது பழத்தைக் குறுக்கே வில்லைகளாக நறுக்குங்கள். நட்ட நடுவில் வரும் பெரிய வில்லையின் விளிம்பு நிலநடுக்கோடு, 0°. மேலேயும் கீழேயும் சிறுத்துக்கொண்டே போகும் மற்ற விளிம்புகள் அட்சரேகைகள். துருவத்தில் 90° ஆகி வெறும் புள்ளியாக முடியும்.

அட்சரேகைகள் ஒன்றையொன்று தொடாததால், 1° வடக்கே நகர்ந்தால் எந்த ஊரிலும் ஏறக்குறைய 111 கி.மீ. தீர்க்கரேகையில் அப்படி இல்லை. கிழக்கு மேற்காக 1° என்பது நிலநடுக்கோட்டில் 111 கி.மீ., காசிமேட்டில் 108, கான்பூரில் 100, 60° வடக்கில் பாதியாகிவிடும், துருவத்தில் பூஜ்யம். தூரக் கணக்கில் புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 2: திரையில் உள்ள வரியைப் படியுங்கள்

‘என்’ என்றால் வடக்கு, ‘ஈ’ என்றால் கிழக்கு. 80-க்கு முன்னால் ஏன் ஒரு பூஜ்யம்? அட்சரேகை 90-ஐத் தாண்டாது, இரண்டு இலக்கம் போதும். தீர்க்கரேகை லண்டன் கிரீன்விச்சிலிருந்து இரு பக்கமும் 180 வரை போகும், அதற்கு மூன்று இலக்கம் வேண்டும். கிரீன்விச்சை 0° என்று ஏற்றது 1884-ல் வாஷிங்டனில் கூடிய மாநாடு.

1 டிகிரிக்கு 60 மினிட். அட்சரேகையில் 1 மினிட் என்பது 1 கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. கடல்காரர்கள் மினிட்டை விடாமல் பிடித்திருப்பது இந்த வசதிக்காகத்தான்: வடக்கே 12 மினிட் போனால் 12 கடல் மைல், வேறு பெருக்கல் தேவையில்லை.

போனில் உள்ள மேப்போ மினிட்டைக் காட்டாது, தசமத்தில் காட்டும். மாற்றுவது சுலபம்: மினிட்டை 60-ஆல் வகுத்து டிகிரியோடு கூட்டுங்கள். 7.5 ÷ 60 = 0.125, ஆக 13.125. 17.82 ÷ 60 = 0.297, ஆக 80.297.

படி 3: வேண்டுமென்றே தப்பு செய்து பாருங்கள்

கூகுள் மேப்பின் தேடல் பெட்டியில் 13.125, 80.297 என்று போடுங்கள். முதலில் அட்சரேகை, பிறகு கமா, பிறகு தீர்க்கரேகை. முள் காசிமேட்டில் குத்தும். இனி ஒவ்வொன்றாகக் கெடுங்கள்.

வகுக்காமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 13.075, 80.178 என்று போட்டால் நெற்குன்றம், மதுரவாயல் பக்கம் போய்விடும். சுமார் 14 கி.மீ. தள்ளி, கடலே இல்லாத இடம். இருப்பதில் மோசமான தப்பு இதுதான். சென்னைக்குள்ளேயே விழுவதால் பார்த்தவுடன் சந்தேகம் வராது.

வரிசையை மாற்றி 80.297, 13.125 என்று போட்டால் நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடல். 80-க்கு முன்னால் கழித்தல் குறி விழுந்தால் மேற்கு என்று பொருள், முள் கரீபியன் கடலில் நிற்கும். இந்த இரண்டும் பரவாயில்லை, தப்பு கண்ணில் அடித்துவிடும்.

படி 4: எண்ணூர் விரைவுச் சாலையில் எண்கள் ஓடுவதைக் கவனியுங்கள்

டிகிரி காட்டும் ஏதாவது ஒரு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காசிமேட்டிலிருந்து வடக்கே பஸ்ஸில் போங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு வேண்டாம், அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் அதிகம். திருவொற்றியூரில் அட்சரேகை 13.16-ஐத் தொடும், எண்ணூர் வருவதற்குள் 13.2-ஐத் தாண்டும். தீர்க்கரேகை மெதுவாகத்தான் நகரும், ஏனென்றால் கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகிறது. அட்சரேகையில் மூன்றாவது தசமம் ஒன்று கூடினால் 111 மீட்டர், ஐந்தாவது கூடினால் ஏறக்குறைய 1 மீட்டர். அதற்கு மேல் உள்ள இலக்கங்களை நம்பிப் பயனில்லை, சாதாரண போன் ஜி.பி.எஸ். அவ்வளவு நுணுக்கமாக அளக்காது.

படி 5: அதே எண்ணைப் பிடித்து உலகைச் சுற்றுங்கள்

மேப்பில் அட்சரேகை 13.1-ஐ மாற்றாமல் கிழக்கே நகருங்கள். வங்காள விரிகுடா தாண்டி வட அந்தமான், மியான்மரின் தெற்கு வால், கம்போடியா, பிலிப்பைன்ஸ், பிறகு பசிபிக். அதையும் கடந்தால் நிகரகுவா, கரீபியனில் பார்படோஸ். அதன் தலைநகர் பிரிட்ஜ்டவுன் நம் சென்னையின் அட்சரேகையிலேயே இருக்கிறது. அடுத்து அட்லாண்டிக், ஆப்பிரிக்காவின் சாஹேல் வறள்நிலம், ஏமன், அரபிக்கடல், கர்நாடகக் கரை, வீடு.

இப்போது தீர்க்கரேகை 80.3-ஐப் பிடியுங்கள். வடக்கே கான்பூர், நேபாளம், திபெத், கஜகஸ்தானின் செமெய். தெற்கே இலங்கை. அதற்கப்புறம் அண்டார்டிகா வரை வெறும் கடல்.

உரித்து வைத்த தோலை மேசையில் தட்டையாக அழுத்திப் பாருங்கள். கிழியும். கிழியாமல் தட்டையாக்க வேண்டுமானால் எங்காவது இழுத்தாக வேண்டும். வழக்கமான சுவர் மேப்புகள் பலவும் துருவப் பக்கத்தை இழுக்கின்றன. கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிவது அதனால்தான். உண்மையில் இந்தியா அதைப்போல ஒன்றரை மடங்கு.

படி 6: ஜி.பி.எஸ். இல்லாமல் மொட்டை மாடியில் அளங்கள்

இந்திய நேரம் 82°30′ கிழக்கை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பூமி 1° சுழல 4 நிமிடம். காசிமேடு அந்தக் கோட்டுக்கு 2.2° மேற்கே இருப்பதால் நமக்கு உச்சிவெயில் சராசரியாக 12.09-க்குத்தான். பூமியின் பாதை சீரான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் இது நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும்.

மார்ச் 20 அல்லது செப்டம்பர் 23-ஐ ஒட்டி சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அப்படி ஒரு நாளில் கம்பை நட்டு, தூக்குகுண்டு பிடித்து நிமிர்த்துங்கள். மார்ச்சில் உச்சி சுமார் 12.16, செப்டம்பரில் 12.01. அதற்குப் பத்து நிமிடம் முன்னாலிருந்தே நிழலை அளங்கள், மிகக் குட்டையானதை எடுத்துக்கொள்ளுங்கள். 100 செ.மீ. கம்புக்கு 23.3 செ.மீ. வந்தால் கச்சிதம். நிழலைக் கம்பின் நீளத்தால் வகுத்து, போன் கால்குலேட்டரில் தலைகீழ் டேன் (tan⁻¹) போட்டால் 13.1 வரும், அதுதான் நம் அட்சரேகை. டிகிரியில்லாமல் ரேடியனில் இருந்தால் 0.23 என்று காட்டும், பதற வேண்டாம்.

ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இதைச் செய்யாதீர்கள். அன்று சூரியன் சென்னைக்கு நேர் தலைக்கு மேல், கம்புக்கு நிழலே விழாது.

நிழலின் நுனி மங்கலாக இருக்கும், அதில் ஏமாறாதீர்கள். 1 செ.மீ. கூட அளந்தால் அட்சரேகை அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் கூடும், அதாவது 60 கி.மீ. காசிமேட்டில் நின்றுகொண்டு சூலூர்பேட்டைக் கணக்கு எழுதியிருப்பீர்கள்.