பழைய பிஸ்டலுக்குப் புது சைட்: வாங்கும் முன் எதை அளப்பது?

குறிபார்க்க பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் சைட்டை மாற்ற வருகிறவர் முதலில் கேட்பது, "வெள்ளைப் புள்ளி நல்லதா, பச்சை நல்லதா?" என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டியது. ஸ்லைடின் (சுடும்போது பின்னோக்கி நகரும் மேல்பாகம்) மேல் சைட் உட்கார என்ன வெட்டு இருக்கிறது, பழைய சைட் எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பது தெரியாமல் வாங்கினால், கொடுத்த ரிங்கிட் அலமாரியில்தான் தூங்கும்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதும் உரிமம் பெற்றவர் செய்கிற தொழில். தட்டிக் கழற்றிப் பொருத்தும் வேலையைக் கோலாலம்பூரில் லைசன்ஸ் உள்ளவரிடமே விடுங்கள். அளவு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் கடையில் மிச்சமிருப்பது உங்கள் தலையில் கட்டப்படும்.

மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு முன் சைட்டைக் கவனியுங்கள். பழைய 1911 வகை பிஸ்டலில் அதன் கால் ஸ்லைடின் துளைக்குள் நுழைந்து, உள்பக்கம் தட்டி விரித்து இறுக்கப்பட்டிருக்கும். அந்தக் காலின் அகலம் பழையதில் 0.058 இன்ச், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மிமீ, பிந்தியதில் 0.125 இன்ச், 3.2 மிமீ. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது. ஒல்லிக் காலில் உயரமான சைட்டை ஏற்றினால் சுடச் சுட ஆட்டம் கண்டு ஒருநாள் பறந்துவிடும். உயரம் கூட்டத்தான் வேண்டும் என்றால் ஸ்லைடில் டவ்டெயில் (அடி அகன்று வாய் குறுகிய குறுக்குப் பள்ளம்) வெட்டிக்கொள்வது மேல். செலவு கூடும், ஆனால் ஒரே தடவை. பெரெட்டா 92எஃப்எஸ்ஸில் முன் சைட்டும் ஸ்லைடும் ஒரே இரும்பு, ஆகவே பின் சைட்டை மட்டுமே மாற்றலாம்.

அதிகம் பேர் சறுக்குவது உயரத்தில். சுபாங் போன்ற ரேஞ்சில் 25 மீட்டரில், மணல் மூட்டையில் கையை ஊன்றி, நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவில் பத்து சுடுங்கள். துளைக் கூட்டத்தின் நடுப்புள்ளி குறியிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளந்து, அதை இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் மிமீயில். 100 மிமீ கீழே விழுகிறது, சைட் இடைவெளி 160 மிமீ என்றால்: 100 × 160 ÷ 25,000 = 0.64 மிமீ. முன் சைட் அவ்வளவு தாழ வேண்டும், அல்லது பின் சைட் அவ்வளவு உயர வேண்டும். மேலே விழுந்தால் நேர்மாறு. சந்தேகமிருந்தால் முன் சைட்டை உயரமாகவே வாங்குங்கள். அரத்தால் குறைக்கலாம், கூட்ட முடியாது. கடைக்காரர் சொல்லும் உயரம் டவ்டெயிலுக்குள் போகும் அடியையும் சேர்த்ததா என்று கேட்க மறக்காதீர்கள்.

அடுத்தது அகலம். கையை நீட்டிப் பிடிக்கும்போது முன் சைட் கண்ணிலிருந்து 76 செமீ தூரத்தில் இருந்தால், அதன் 3 மிமீ அகலத் தகடு 25 மீட்டரில் 10 செமீ அகலத்தை மறைக்கும். 25 மீட்டர் பிரிசிஷன் போட்டிக்கான குறி அட்டையின் கருவட்டம் 20 செமீ, அதில் சரிபாதி. பின் சைட்டின் நடுப் பள்ளமும் 3 மிமீ என்றால், அது கண்ணுக்குக் கிட்ட இருப்பதால் தகட்டின் இருபுறமும் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்தக் கீற்று போதாது, பள்ளம் 3.5 மிமீயாவது இருக்கட்டும்.

இப்போது புள்ளி. இருட்டில் ஒளிரும் இரவு சைட்டில் இருப்பது ட்ரிடியம்; அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) 12.3 ஆண்டு, பழைய இரவு சைட்டைப் பாதி விலைக்கு வாங்குவது தீர்ந்த பேட்டரி வாங்குவது மாதிரி. சுற்றியுள்ள வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் ஃபைபர் இழை வெயிலில் தீயாய் எரியும், கூரைக்குள் மங்கிவிடும். கண் தகட்டின் மேல்விளிம்பை விட்டு அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொள்வதுதான் தொல்லை: புள்ளி 1 மிமீ தாழ இருந்தால் 25 மீட்டரில் குண்டு 3 செமீக்கு மேல் ஏறும். அட்டையில் மதிப்பெண் சேர்ப்பவருக்கு வெறும் கறுப்புத் தகடே போதும். வெயிலில் அது பளபளத்தால், வெற்று ஸ்லைடைத் தனியே கழற்றி, சூடம் ஏற்றி அதன் புகையில் ஒரு விநாடி காட்டுங்கள். கரி படிந்து ஒளி செத்துவிடும். எண்ணெய்க் கையால் தொட்டால் கலைந்துபோகும்.

பொருத்துபவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். டவ்டெயிலில் சைட் கையால் தள்ளும்போது மூன்றில் ஒரு பங்கு போய் நிற்க வேண்டும், மிச்சம் பித்தளைக் குச்சியால் (பஞ்ச்) தட்டி. இறுகினால் சைட்டின் அடியைத் தேய்க்கட்டும், ஸ்லைடை ஒருபோதும் வேண்டாம். பழையதைக் கழற்றும் முன் பூட்டுத் திருகு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். ஸ்மித் அண்ட் வெஸன் 5906 போன்றவற்றில் பின் சைட்டுக்கு அடியில் தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தடுக்கும் குச்சியும் ஸ்பிரிங்கும் ஒளிந்திருக்கும். சைட் நகர்ந்ததும் அந்த ஸ்பிரிங் துள்ளி மேசைக்கடியில் போய்விடும்; அது இல்லாமல் மறுபடி பொருத்திய துப்பாக்கியைச் சுடக்கூடாது.

வேலை முடிந்து வாங்கும்போது சைட்டும் ஸ்லைடும் சேருமிடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஐம்பது சுட்டபின் கோடு உடைந்திருந்தால் சைட் நகர்ந்திருக்கிறது. மறுபடி அவரிடமே கொண்டுபோங்கள்.