கமாரோவின் எக்ஸோஸ் மேனிஃபோல்டை மாற்றும் முறை

காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினை முடுக்கியதும் ‘டிக், டிக்’ என்ற மெல்லிய சத்தம் கேட்டு, ஐந்து நிமிடத்தில் அது தானாகவே அடங்கிவிட்டால், அநேகமாகப் புகை எக்ஸோஸ் மேனிஃபோல்டின், அதாவது சிலிண்டர்களின் புகையைத் திரட்டி அடிக்குழாய்க்கு அனுப்பும் பாகத்தின், இணைப்பிலோ அதில் விழுந்த விரிசலிலோ கசிகிறது என்று பொருள். இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்வதால் சத்தம் நின்றுவிடுகிறது, கோளாறு நிற்பதில்லை. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கோலாலம்பூர் நெரிசலில் கார் அசையாமல் நிற்கும்போது அது காருக்குள்ளும் நுழையும். எனவே இந்தப் பழுதைத் தள்ளிப்போடக் கூடாது.

1967 முதல் 1969 வரை வெளிவந்த முதல் தலைமுறை செவர்லே கமாரோவை, அதிலும் 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் வி8 (பக்கத்துக்கு நான்காக எட்டுச் சிலிண்டர்) எஞ்சினும் அசல் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் கொண்ட காரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற செவர்லே வி8 எஞ்சின்களுக்கும் வேலை ஏறக்குறைய இதேதான்.

கசிவை முதலில் உறுதிசெய்யுங்கள். மேனிஃபோல்டு எஞ்சின் ஹெட்டோடு (சிலிண்டர்களின் மேல்மூடியோடு) சேரும் விளிம்பில் விசிறி விரித்தாற்போலக் கரி படிந்திருந்தால் இடம் தெரிந்துவிடும். கரி தெரியாவிட்டால், குளிர்ந்த எஞ்சினை முடுக்கி, பின்பக்கக் குழாயின் வாயை ஈரமான தடித்த துணியால் ஒருவர் சில விநாடிகள் பாதியளவு மூடிப்பிடிக்க, நீங்கள் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள்; கசியும் இடத்தில் நுரை பொங்கும். சிலர் ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்ப்பார்கள். பெட்ரோல் ஆவி இருக்கக்கூடிய கார்புரேட்டருக்கு அருகில் கனலுள்ள எதையும் கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி சாவிகளின் கணக்கு. நம் ஊரில் எந்தப் பட்டறையிலும் மில்லிமீட்டர் சாவிகளே கைக்குக் கிடைக்கும். இந்தக் காரோ முழுக்க முழுக்க அங்குலக் கணக்கில் செய்யப்பட்டது. மேனிஃபோல்டு போல்டின் தலைக்கு 9/16 அங்குலச் சாவி வேண்டும். அது 14.29 மில்லிமீட்டர். 14 எண் சாவி உள்ளே இறங்காது. 15 எண் சாவி தளர்வாக நின்று, துருவேறிய தலையின் மூலைகளை ஒரே இழுப்பில் மழுங்கடித்துவிடும். போல்டின் மரையும் அப்படித்தான்: அது 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் கொண்டது. ஹார்டுவேர் கடையில் பழைய போல்டைக் காட்டினால் 10 மில்லிமீட்டர் போல்டை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அது 3/8 அங்குலத்தைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமன் கூடியது. மரையின் இடைவெளியும் வேறு. பலவந்தமாக முறுக்கினால் ஹெட்டின் மரையை அறுத்துக்கொண்டு போகும். ஆகையால் புதிய போல்டுகள், கேஸ்கட் (இணைப்பில் கசியாதபடி இடையில் வைக்கும் தகடு), அங்குலச் சாவிகள் எல்லாம் கையில் வந்து சேர்ந்த பிறகே பழையதில் கை வையுங்கள்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் கார் போர்ச்சில் பெரும்பாலும் வழுக்கும் டைல்ஸ் பதித்திருப்பார்கள். தரையும் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். டைல்ஸ் மேல் நேரடியாக ஸ்டாண்டை வைக்காதீர்கள். கனமான பிளைவுட் பலகையை விரித்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் இரண்டு ஸ்டாண்டுகளில் காரை உட்காரவைத்து அசைத்துப் பாருங்கள். சரிவு கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தால் வேறு சமதளத்துக்குக் காரைக் கொண்டுபோவதே சரி. பேட்டரியின் எதிர்மின்முனைக் (நெகட்டிவ்) கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

வேலைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு போல்டிலும், அடியில் குழாயைப் பிடித்திருக்கும் மூன்று நட்டுகளிலும் காலையும் மாலையும் அடியுங்கள். கழற்றும் நாளில் முதலில் பிளக் வயர்களை எண் எழுதி ஒட்டி எடுத்துவிட்டு, பிளக்குகளையும் கழற்றுங்கள். பீங்கான் உடையாமல் இருக்கும், கைக்கும் இடம் கிடைக்கும். ஆல்டர்னேட்டரின் தாங்கியோ எண்ணெய் அளவுகோலின் குழாயோ மேனிஃபோல்டு போல்டிலேயே மாட்டியிருந்தால், கழற்றுமுன் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஒரு பக்கத்துக்கு 6 போல்டுகள். முனைகளில் உள்ள போல்டுகளின் தலையை மடக்கிப் பிடித்திருக்கும் தகட்டுப் பூட்டுகளை உளியால் நிமிர்த்திய பிறகே சாவியைப் போடுங்கள். எடுத்த எடுப்பில் தளர்த்தாதீர்கள். இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, கால் சுற்று, அரைச் சுற்று என்று முன்னும் பின்னுமாக வெளியே கொண்டுவாருங்கள். ஒரு போல்டுக்கு அரை மணி நேரம் போனாலும் அது வீணான நேரமன்று.

இத்தனைக்கும் பிறகு ஒரு போல்டு உடையத்தான் செய்யும். பெரும்பாலும் அது கடைசிச் சிலிண்டரின் பின்பக்கப் போல்டாக இருக்கும். மேனிஃபோல்டை எடுத்தபின் நீட்டிக்கொண்டு நிற்கும் துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவதே நான் நம்பும் வழி. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இதை எனக்குக் காட்டிக்கொடுத்தார். நட்டின் சிவப்பு அடங்கிய நொடியில் மெழுகுவத்தியின் முனையை மரையின் ஓரத்தில் வைத்தார்; மெழுகு உருகி, உறிஞ்சப்பட்டதுபோல உள்ளே போய் மறைந்தது. “இப்பத் திருப்பு தம்பி, மெதுவா, ரெண்டு பக்கமும்” என்றார். மூன்றாவது அசைவில் துண்டு வழிவிட்டது. வெல்டிங் செய்யுமுன் பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயை அடைத்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் காரின் ஹெட்டில் வேறொரு சோதனையும் காத்திருந்தது. எனக்கு முன்பு காரைப் பார்த்த ஒரு பட்டறை, முன்மூலைத் துளையில் 10 மில்லிமீட்டர் போல்டை அடித்து ஏற்றியிருந்தது. வெளியே வந்த போல்டின் மரையில் வார்ப்பிரும்புத் தூள் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. நீண்ட நாள் கசிவுக்கு அந்த ஒரு துளைதான் காரணம். அத்தகைய துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்னும் சுருள் மரையைப் பொருத்தி, பழையபடி 3/8 அங்குலத்துக்கே கொண்டுவரலாம். துளை கோணலாகிவிடும் என்ற ஐயம் இருந்தால் கடைசல் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

பழைய மேனிஃபோல்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நடுவில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு புகைவாய்களைக் கூர்ந்து பாருங்கள். சூடு அதிகம் குவியுமிடம் அதுவே. விரிசலும் அங்கேதான் விழும். விரிசலை வெல்டிங் செய்யலாம் என்பார்கள். முழுத் துண்டையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் குச்சியால் ஒட்டி, மணலில் புதைத்து மெதுவாக ஆறவிடும் பொறுமை இருந்தாலொழிய அது நிலைக்காது. புதிதாக வார்த்த மாற்றுப் பாகமே மேல். புதியதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்: நேர்விளிம்புச் சட்டத்தை முகத்தின் நெடுக வைத்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை) நுழைத்துப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் தகடு எங்காவது உள்ளே போனால், கடைசல் பட்டறையில் முகத்தைச் சீவி மட்டப்படுத்திய பிறகே மாட்ட வேண்டும்.

வலப்பக்க மேனிஃபோல்டின் வாயில் ஒரு மடல் இருக்கும். அதை ஹீட் ரைசர் என்பார்கள். குளிர்நாட்டுக் காலையில் சூடான புகையைக் கார்புரேட்டரின் அடிக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. நம் ஊரில் அதற்கு வேலையே இல்லை; ஆனால் துருப்பிடித்து மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால், அந்தப் பக்கத்துச் சிலிண்டர்களின் புகை நேராக வெளியேற வழியில்லாமல் எஞ்சின் கொதிக்கும், கார்புரேட்டரில் பெட்ரோலும் பொங்கும். கையால் சுழற்றிப் பாருங்கள்; இறுகியிருந்தால் எடுத்துவிட்டு, அதே உயரமுள்ள வளையத்தைப் போடுங்கள்.

ஹெட்டில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ அரைப்பான் போடுவதோ கூடாது. தகுந்த முகக்கவசம் அணிந்து, தண்ணீரால் நன்றாக நனைத்து, கையால் சுரண்டிப் பையில் கட்டிவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த எஞ்சின்கள் பலவற்றில் இங்கே கேஸ்கட்டே கிடையாது. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய ஹெட்டின் முகம் அரித்துப்போயிருக்கும் என்பதால் இப்போது கேஸ்கட் போடுவதே பாதுகாப்பு.

இரண்டு நீண்ட போல்டுகளின் தலையை அறுத்து, முனைத் துளைகளில் வழிகாட்டியாகத் திருகிக்கொண்டால், கேஸ்கட்டும் கனமான மேனிஃபோல்டும் அவற்றில் தொங்கி நிற்கும். புதிய போல்டுகளின் மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையை (மரை இறுகிப் பிடிக்காமல் தடுப்பது) லேசாகத் தடவி, ஆறையும் விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு வழிவிடாத போல்டைச் சாவியால் மிரட்டக் கூடாது. பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையாக இறுக்க வேண்டும். முடிவில் இறுக்கத்தின் அளவு நடு இரண்டுக்கும் 30 அடி-பவுண்டு, அதாவது 41 நியூட்டன் மீட்டர். மற்ற நான்குக்கும் 20 அடி-பவுண்டு, அதாவது 27 நியூட்டன் மீட்டர். முனைகளை அதற்குமேல் இறுக்கினால், சூட்டில் நீளும் மேனிஃபோல்டு நகர இடமின்றி, போல்டு நுழையும் அதன் காது உடைந்துவிடும். அடிக்குழாயின் நட்டுகளை இதற்குப் பிறகே, மூன்றையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். பித்தளை நட்டுகளைப் போட்டால் அடுத்தமுறை துரு பிடித்து நிற்காது.

பிளக்குகளையும் கழற்றிய மற்றவற்றையும் மாட்டி, காரைத் திறந்தவெளியில் நிறுத்தி முடுக்குங்கள். புதிய வார்ப்பில் பூசிய எண்ணெய் பத்து நிமிடம் வரை புகையும், அது கசிவன்று. சூடேறிய எஞ்சினை ஓரிரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலை அதே அளவுக்கு ஆறு போல்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். அநேகமாக இரண்டு மூன்று போல்டுகள் சற்றே நகரும். அதன்பின் குளிர்ந்த எஞ்சினை முடுக்கிக் கேளுங்கள். ‘டிக்’ சத்தம் இல்லையென்றால், புதிய தகட்டுப் பூட்டுகளின் நுனியைப் போல்டுத் தலைமேல் மடக்கிவிடலாம்.