ரெட்டினால் போட்டால் தூக்கம் கெடுகிறதா? நான் சரிசெய்த விதம்

ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைச் சருமப் பூச்சு) தடவிய இரவுகளில் முகம் எரிந்து, அரித்து, 2 மணிக்கே விழிப்பு வந்துவிடும். தப்பு அளவில்தான்: பட்டாணி அளவு போதும் என்கிற இடத்தில் இரண்டு மடங்கு, அதுவும் கழுவிய ஈரத்தோடு. இரவில் தோல் இயல்பாகவே அதிக நீரை இழக்கும், அரிப்பும் கூடும். அதன்மேல் இது வேறு.

மாற்றியது இதுதான். வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீர். ஒற்றித் துடைத்து, 20 நிமிடம் காயவிட்டு மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர். வாரத்தில் 2 இரவு மட்டும். படுக்க ஒரு மணி நேரம் முன்பே தடவணும், இல்லாவிட்டால் பாதி தலையணைக்குத்தான் போகும். மூக்கோரம், உதட்டோரம், கண்ணிமைப் பக்கம் போகவே கூடாது. எரிச்சல் அடங்கிச் சில வாரம் கழித்துத்தான் மூன்றாவது இரவு.

காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனை விட்டால் இத்தனை பாடும் வீண். கர்ப்பிணிகள் ரெட்டினாலைத் தொடவே வேண்டாம்.