நரம்பு சுருட்டலுக்குக் கத்தியில்லாத சிகிச்சை: எந்தக் காலுக்கு எது?

ஆம்பூர், இராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், பரோட்டா கல் முன்னால் நிற்கும் மாஸ்டர்களுக்கும் சாயங்காலமானால் கால் கனத்துக் கணுக்கால் வீங்கும். கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்திருப்பதை ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். உண்மையில் அது நரம்பு அல்ல, இரத்தத்தை இதயத்துக்கு ஏற்றும் சிரை. உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடாததால் ஏற வேண்டிய இரத்தம் கீழே இறங்கித் தேங்குகிறது. கசிவு பெரும்பாலும் தொடை இடுக்கில் தொடங்கும். முடிச்சு தெரிவதோ முழங்காலுக்குக் கீழே. முடிச்சை மட்டும் எடுத்துவிட்டுக் கசிவை விட்டுவைத்தால் ஓரிரு வருடங்களில் பக்கத்திலேயே இன்னொன்று புடைக்கும்.

அதனால் முதல் வேலை, ஒலியலை மூலம் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன். அதையும் நிற்க வைத்து எடுக்க வேண்டும். கெண்டைக்காலை அழுத்தி விட்டதும் இரத்தம் அரை வினாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் அந்த இடத்து வால்வு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். படுக்க வைத்து மட்டும் எடுத்த ஸ்கேனில் இது பிடிபடாமல் போகலாம். ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தச் சிரை எங்கிருந்து எங்கே வரை கசிகிறது, அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஆழத்துச் சிரைகளில் அடைப்பு உண்டா. மூன்றாவதுதான் உயிரான கேள்வி. ஆழத்துச் சிரை அடைத்திருந்தால் மேலே புடைத்திருப்பதுதான் இரத்தத்துக்கு மாற்று வழி. அதையும் மூடினால் கால் இன்னும் வீங்கும்.

தொடையில் நேராக ஓடும் பெரிய சிரை கசிந்தால் லேசர் அல்லது ரேடியோ அலை (ஆர்எஃப்ஏ) சிகிச்சை பொருந்தும். முழங்கால் பக்கம் ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடி மெல்லிய குழாயை மேலே ஏற்றுவார்கள். குழாயின் முனை, தொடை இடுக்கில் இந்தச் சிரை ஆழத்துச் சிரையோடு சேரும் சந்திக்கு 2 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் ஆழத்துச் சிரைக்குள் இரத்தக்கட்டி நீளும் ஆபத்து கூடும். பிறகு மரத்துப்போகும் மருந்து கலந்த சலைனைச் சிரையைச் சுற்றிச் செலுத்துவார்கள். வலியை அடக்குவதோடு, சிரையைத் தோலிலிருந்து விலக்கிச் சூடு படாமல் காப்பதும் இந்தத் திரவம்தான். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் தோல் வேகும், பக்கத்து நரம்பு மரத்துப்போகும். பரவலாக உள்ள ஆர்எஃப்ஏ குழாய் 7 சென்டிமீட்டர் பகுதியை 120 டிகிரியில் 20 வினாடி சூடாக்கிச் சிரையை மூடும். பிறகு கீழே இழுத்து அடுத்த பகுதி. லேசரும் இதே வேலையைத்தான் செய்கிறது, பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். மெஷின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்கேன் பிடிக்கும் கை அனுபவமுள்ளதா என்று கேளுங்கள்.

பசை வைத்து ஒட்டும் முறையில் சூடும் இல்லை, பல இடத்தில் ஊசியும் இல்லை. ஆனால் விலை அதிகம், சிலருக்கு ஒவ்வாமையால் தோல் சிவந்து அரிக்கும். வளைந்து நெளிந்த கிளைகளுக்குள் குழாய் நுழையாது. அவற்றுக்கு நுரை ஊசி: சிரையை மூடும் மருந்து ஒரு பங்கு, நான்கு பங்கு காற்று, இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே இருபது முறை தள்ளினால் நுரை தயார். ஒரு அமர்வுக்கு 10 மில்லிக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது. தோலில் பழுப்புக் கோடு விழுந்து மாதக்கணக்கில் இருக்கலாம். பெரிய முடிச்சுகளை 2, 3 மில்லிமீட்டர் துளை வழியாகக் கொக்கியால் இழுத்தும் எடுப்பார்கள், தையல் தேவைப்படாது.

சிகிச்சை முடிந்த கையோடு அரை மணி நேரம் நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால்தான் இரத்தம் கட்டும். தொடையில் கயிறு போல இறுக்கமாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம், அது மூடிய சிரைதான், சில வாரங்களில் இளகும். ஒரு வாரத்தில் மறு ஸ்கேன் எடுங்கள். அதற்கு முன் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ்ஸில் உட்கார்ந்து போவதைத் தள்ளிப்போடுங்கள்.

காலில் இரத்தம் தேங்காமல் இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையைத்தான் வேலூர் வெயிலில் பலர் கைவிடுகிறார்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், கால் வீங்காத நேரத்தில், பவுடர் தடவிப் போடுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு ரப்பர் கையுறையோடு இழுத்தால் கிழியாது. நிழலில் உலர்த்துங்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் பாதத்தில் நாடித்துடிப்பைப் பரிசோதிக்காமல் காலுறை போடக் கூடாது. காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால் அந்த அழுத்தமே காலைக் கெடுக்கும்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுருண்ட சிரை உடைந்து இரத்தம் பீய்ச்சினால் உட்காரக் கூடாது. படுத்துக் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். தொடையில் கயிறு கட்ட வேண்டாம். அது இரத்தத்தை மேலே போகவிடாமல் தடுத்துக் கசிவைக் கூட்டும். இரத்தம் நிற்காவிட்டால் அழுத்தியபடியே 108-ஐக் கூப்பிடுங்கள்.