படித்துறையைச் சுவரில் ஏற்றுவது எப்படி? மாணவர் ஓவியக் கண்காட்சிக்கு ஒரு செய்முறை

சமுதாயக் கூடத்திலோ வீட்டு மாடியிலோ சனி, ஞாயிறு ஓவிய வகுப்பு எடுக்கிறவர்கள் முதன்முறையாக ஆண்டுக் கண்காட்சி வைப்பதற்கான வரிசை இது. கீழே உள்ள கணக்கெல்லாம் 60 படம், ஏ3 தாள், ஆளுக்கு ஒரு படம், 6 மீட்டர் சுவர் 4 உள்ள கூடம் என்று வைத்துப் போட்டது. உங்கள் கூடத்தில் கதவு, சன்னல், மின்பலகை போக மிச்சமிருக்கும் நீளத்தை முதலில் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கண்ணளவு வேண்டாம்.

தேதி

பொங்கல் முடிந்து வரும் இரண்டாவது சனி, ஞாயிறுதான் நெல்லைப் பக்கத்துக்குத் தோது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியையும் நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் வெள்ளமெடுத்த தாமிரபரணி என்ன செய்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. மே மாதம் பிள்ளைகள் ஆச்சி வீட்டில் இருப்பார்கள்.

அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தலைப்பை 14 வாரம் முன்னால் சொல்ல வேண்டும். படங்கள் ஜனவரி முதல் வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். வரைகிற காலம் முழுக்க மழைக்காலம் என்பதால் நீர்வண்ணம் காய ஒரு நாள்கூட ஆகும். ஈரத்தோடு அடுக்கினால் தாள் நெளியும், புள்ளிப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டு, பிறகு சமமான பலகைக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். அடுக்கை மேசை மேல் வையுங்கள், தரையில் வேண்டாம்.

தலைப்பு

பாதிக் கண்காட்சி இங்கேயே தேறிவிடும் அல்லது கெட்டுவிடும். "தாமிரபரணி" என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். அறுபதில் ஐம்பது பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து வரும் நீலப் பட்டை, ஓரத்தில் தென்னை என்று கொண்டுவருவார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. தலைப்பு அவ்வளவு அகலமாக இருந்தால் கை தானாகப் பழகின படத்துக்குத்தான் போகும்.

ஆற்றிலிருந்து ஒரு இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். "படித்துறை" என்று வைக்கலாம். அதையும் வயதுக்கு ஒரு கேள்வியாகப் பிரியுங்கள்.

5–8 வயது: படித்துறையில் யார் யார், என்ன செய்கிறார்கள்?
9–12 வயது: கடைசிப் படியில் உட்கார்ந்து குனிந்தால் தண்ணீருக்குள் என்ன தெரிகிறது?
13 வயதுக்கு மேல்: வெள்ளம் வந்து போன தடம் எது?

மூன்றாவது கேள்விக்குக் குறுக்குத்துறை முருகன் கோயிலைவிட நல்ல இடம் கிடைக்காது. பெருவெள்ளத்தில் தண்ணீருக்குள் போய், வடிந்ததும் வெளியே வரும் கோயில் அது. கல்லில் படிந்த வண்டல், தூணில் சிக்கிய சருகு எல்லாம் வரையத் தக்கவை. பெரிய பிள்ளைகளைத் திருப்புடைமருதூருக்கும் ஒருநாள் அழைத்துப் போகலாம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே நிலை நிலையாகச் சுவரோவியம் இருக்கிறது. ஒரே சுவரில் எத்தனை ஆட்களை, எவ்வளவு சின்ன இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே பாடம். மேலே ஏற முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகும்போது 5 பிள்ளைக்கு ஒரு பெரியவர். பாசி பிடித்த படியில் யாரையும் நிறுத்தாதீர்கள். மழை நாளில் போகவே வேண்டாம்.

பதிவு

ஒரு நோட்டில் வரிசை எண், பெயர், வயது, படத்தின் பெயர், எதில் வரைந்தது, கிடைப்படமா நெடும்படமா, திரும்ப வாங்கியவர் கையெழுத்து. அதே எண்ணைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் மறுநாள் காலையில் மறுபக்கம் வானத்தில் "37" என்று தெரியும்.

ஆயில் பேஸ்டல் படங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வையுங்கள். இல்லையென்றால் ஒன்றின் ஆறு இன்னொன்றின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். போஸ்டர் கலர் தடிமனாகப் பூசிய தாளைச் சுருட்டக் கூடாது, வெடிக்கும்.

அட்டை வெட்டுவது

3 மி.மீ. சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரை அட்டை) போதும். பிளெக்ஸ் அடிக்கும் கடைகளில் 8×4 அடித் தகடாகக் கிடைக்கும். அது 244×122 செ.மீ. ஏ3 கிடைப்படம் 42×29.7 செ.மீ. சுற்றிலும் ஓரம் விட்டு ஒவ்வொரு அட்டையையும் 52×40 செ.மீ.க்கு வெட்டினால் ஒரு தகட்டில் சரியாக 12 அட்டை வரும். 60 படத்துக்கு 5 தகடு. "ஓரம் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று 41 செ.மீ. உயரம் வைத்தால் ஒரு தகட்டில் 10 அட்டைதான் தேறும், ஆறாவது தகடு வாங்க வேண்டும். வெட்டித் தரும் அண்ணாச்சியிடம் அளவைத் தாளில் எழுதியே கொடுங்கள்.

படத்தை அட்டையின் நட்டநடுவில் வைத்தால் கீழே சரிந்தது போலத் தெரியும். மேலே 4.5, கீழே 5.8, பக்கங்களில் 5 செ.மீ. விடுங்கள்.

படத்தின் பின்னால் இரட்டைப் பக்க டேப் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது தாள் உரியும். மூலைப் பை செய்துகொள்ளலாம். 5×2.5 செ.மீ. காகிதத் துண்டை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் நடுவை நோக்கி முக்கோணமாக மடியுங்கள். மடிப்புகள் பின்பக்கம் இருக்கட்டும். படத்தின் மூலையை அதற்குள் செருகி, டேப்பை மடிப்புக்கும் அட்டைக்கும் இடையில் மட்டும் ஒட்டுங்கள். படத்தில் பசை படவே படாது. 60 படத்துக்கு 240 பை. பெரிய பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். எதிரில் சன்னல் இருந்தால் படத்துக்குப் பதில் சன்னல்தான் தெரியும்.

தொங்கவிடுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சுண்ணாம்பு அடித்த சுவரில் எந்த டேப்பும் நிற்காது. டேப் சுவரில் ஒட்டாமல் மேலே உள்ள பொடியில்தான் ஒட்டுகிறது. ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாக விழும். ஆணி அடிக்கக் கூடத்துக்காரர் விடமாட்டார். ஆகவே கம்பி.

தரையிலிருந்து 220 செ.மீ. உயரத்தில், சுவர் ஓரமாக 16 கேஜ் ஜி.ஐ. கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுத்துக் கட்டுங்கள். இரண்டு முனைக்கும் சன்னல் கம்பி அகப்பட்டால் நல்லது. இல்லையென்றால் பந்தல்காரரிடம் சவுக்குக் கம்பு வாங்கி நிறுத்தச் சொல்லுங்கள். நைலான் கயிறு கட்டினால் நடுவில் தொய்யும், எல்லாப் படமும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். கம்பியாகவே இருந்தாலும் 2 மீட்டருக்கு ஒரு தாங்கல் வேண்டும்.

ஒவ்வொரு அட்டையிலும் மேல் விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே, பக்கத்திலிருந்து 6 செ.மீ. உள்ளே இரண்டு துளை. இரண்டிலிருந்தும் நூல் நேராக மேலே போக வேண்டும். நடுவில் ஒரே நூலில் முக்கோணமாகக் கட்டினால் மின்விசிறி போட்டதும் படம் பம்பரமாகச் சுற்றும்.

ஒரு சுவருக்கு இரண்டு வரிசை. மேல்வரிசை அட்டையின் நடு 165, கீழ்வரிசையின் நடு 115 செ.மீ. உயரத்தில் வரட்டும். அப்படியென்றால் மேல் அட்டையின் தலை 185-இல் நிற்கும், கம்பிக்கும் அதற்கும் இடைவெளி 35 செ.மீ. துளை 2 செ.மீ. கீழே இருப்பதால் முடிச்சுக்கு முடிச்சு நூல் 37. ஒரு பலகையில் 37 செ.மீ. தூரத்தில் இரண்டு ஆணி அடித்து, எல்லா நூலையும் அதில் சுற்றி முடிச்சிட்டால் அளவு பிசகாது. கீழ் அட்டையை மேல் அட்டையின் அடியில் துளையிட்டு, 10 செ.மீ. இடைவெளியில் கட்டுங்கள். நைலான் நூல் முடிச்சு வழுக்கும். இரட்டை முடிச்சு போட்டு ஒரு சொட்டு பெவிகுவிக் விடுங்கள்.

115 செ.மீ. உயரம் சின்னப் பிள்ளைகளின் கண்மட்டம். அவர்கள் வரைந்ததை அந்த வரிசையில் வையுங்கள். தன் படத்தை ஆச்சிக்குக் காட்ட ஒரு பிள்ளையை யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.

குறுக்காகக் கணக்கு: 9 அட்டை × 52 = 468. இடைவெளி 8 × 10 = 80. கூட்டினால் 548 செ.மீ. மிச்சம் 52-ஐ இரண்டு ஓரத்துக்கும் 26 என்று பிரியுங்கள். சுவருக்கு 18 படம், 3 சுவரில் 54. மிச்சம் 6 படமும் அறிமுகப் பலகையும் வாசல் சுவரில். நெடும்படங்களைத் தனிச் சுவராகக் கட்டினால் கணக்குக் குழம்பாது. அவற்றின் உயரமும் வேறு என்பதால் மேல், கீழ் அளவைப் புதிதாகப் போடுங்கள்.

மாட்டும் முன் தரையில் பரப்பிப் பாருங்கள். அடர்ந்த நிறப் படம் இரண்டு பக்கமும் வந்தால் நடுவில் இருக்கும் மெல்லிய பென்சில் படம் செத்துப்போகும்.

மண் வேலை இருந்தால்

மண் உருவத்தின் சுவர் கனம் 1 செ.மீ.க்கு மேல் போகாமல், நிழலில் 10–15 நாள் காயட்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் வெடிக்கும். காருகுறிச்சிப் பக்கம் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் அவர்கள் சூளையில் சேர்த்துச் சுட்டுத் தரக் கேட்டுப் பார்க்கலாம். மேசையில் வெறும் துணி விரித்தால் இழுபட்டு விழும். கோரைப்பாய் விரியுங்கள், வழுக்காது. கோடு போட்ட வண்ணப் பாய் வேண்டாம், பார்வை பாய்க்குப் போய்விடும்.

பெயர்ச் சீட்டு, அந்த இரண்டு நாள்

சீட்டு 9×5.5 செ.மீ., எழுத்து 18 புள்ளி. பெயர், வயது, படத்தின் பெயர், எதில் வரைந்தது. அச்சடிக்கும் முன் பெற்றோரிடம் வாட்ஸப்பில் பட்டியலை அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இனிஷியல் மாறினால் வரும் சண்டைக்கு வேறு எந்தச் சண்டையும் ஈடாகாது.

பத்து வயதுக்குக் கீழே முதல் பரிசு, இரண்டாம் பரிசு தேவையில்லை என்பது எங்கள் கட்சி. பரிசு ஒட்டிய படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். குத்துவிளக்கைப் படங்களிலிருந்து தள்ளி வாசலில் வையுங்கள். சிறப்பு விருந்தினர் பேச 10 நிமிடம். அல்வா கொடுப்பதாக இருந்தால் கூடத்துக்கு வெளியே, பார்த்து முடித்து வருகிறவர்களுக்கு மட்டும். நெய்க்கை பட்ட தாளில் கறை போகவே போகாது.

இறக்குவது

ஞாயிறு மாலையே கையெழுத்து வாங்கிக்கொண்டு படங்களைக் கொடுத்துவிடுங்கள். "அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்" என்றால் ஆனி மாதம் வரை அந்தப் படம் உங்கள் மேசையில்தான். அட்டைகளை அடுத்த ஆண்டுக்குப் படுக்கையாக அடுக்கிக் கட்டி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் அடுத்த தைக்குள் வில்லாக வளைந்திருக்கும்.