இரண்டு வருஷம் முடிந்தால் போதுமா?

"அண்ணா, ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. அடுத்த மாசம் ஆபீஸைத் திறந்துடலாம் இல்ல?"

தொழில் செய்யக்கூடாது என்று கோர்ட் இடைநீக்கம் செய்திருந்த ஓர் அட்டர்னி, அதாவது வக்கீல், கேட்டார். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். தென்னாப்பிரிக்காவில், அதே டர்பனில், வக்கீல் அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்ப்பது என் வேலை. முதலில் கோர்ட் உத்தரவைக் கொண்டுவாருங்கள் என்றேன். இரண்டு ஆண்டு இடைநீக்கம் என்ற வரியை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். அதற்கு அடுத்த வரியைப் படித்திருக்கவில்லை: தகுதியும் நேர்மையும் உள்ளவர் என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்படும்வரை தொழில் செய்யக்கூடாது.

நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு. சில உத்தரவுகளில் காலக்கெடு மட்டும் இருக்கும், சிலவற்றில் நிபந்தனையும் சேர்ந்திருக்கும். வக்கீல்களின் பதிவேட்டிலிருந்தே பெயரை எடுத்துவிட்டால் மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி புதிதாக மனுப் போட வேண்டும்.

போகவேண்டிய இடத்தையும் பலர் தவறவிடுகிறார்கள். வக்கீல் தொழில் பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2018 நவம்பரிலிருந்து வக்கீல்களைக் கண்காணிப்பது லீகல் பிராக்டிஸ் கவுன்சில். அது விசாரிக்கும், அபராதம் போடும். ஆனால் இடைநீக்கம் செய்வதும் பெயரை எடுப்பதும் உயர் நீதிமன்றம்தான். திரும்பப் போகும் வழியும் அங்கேதான். கவுன்சில் தலைவருக்கு உருக்கமாகக் கடிதம் எழுதிப் பயனில்லை. அதற்காகக் கவுன்சிலை ஒதுக்கிவிடவும் முடியாது. மனுவின் நகல் அவர்களுக்குப் போகவேண்டும், அவர்கள் சொல்வதை நீதிபதி கவனமாகப் பார்ப்பார்.

இடையில் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது? நண்பரின் அலுவலகத்தில் 'சும்மா உதவி' என்று உட்கார்ந்துவிடுவார்கள். கவுன்சிலின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் எந்த வக்கீல் அலுவலகத்திலும் வேலை செய்யக்கூடாது. மீறினால் அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். காரணமில்லாமல் அனுமதியை மறுக்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கேட்டுவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்!

சரி, பெரிய தவறுக்கு வருகிறேன். அந்த அட்டர்னி தயாரித்திருந்த பிரமாணப் பத்திரத்தை வாசித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "டிரஸ்ட் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. கணக்கு எழுதுபவர் சரியாகக் கவனிக்கவில்லை. அப்போது என் குடும்பத்தில் கஷ்டம்." பணம் எப்படித் தானாகக் குறையும்? டிரஸ்ட் கணக்கில் இருப்பது கட்சிக்காரரின் பணம், வீடு விற்ற பாட்டியின் பணம். 'நான் எடுத்தேன்' என்ற சொல் பதினோரு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

இதில் நீதிமன்றங்கள் விடாப்பிடியாக நிற்கின்றன. தன்னிடம் இருந்த குறை என்னவென்று முதலில் மனுதாரரே ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் திருந்தியதைப் பற்றிய பேச்சு. திருந்தியது உண்மையானது, நிலைக்கக்கூடியது என்று காட்டும் பொறுப்பும் அவருடையதே. குடும்பக் கஷ்டத்துக்கு இரக்கம் கிடைக்கலாம், ஆனால் அது கேள்விக்குப் பதிலாகாது. பணம் எப்போது, யாருக்கு, எவ்வளவு திரும்பிப் போனது என்ற பட்டியல் ஒரு பக்கம் இருந்தால், பத்துப் பக்கக் கண்ணீரைவிட அது பேசும்.

பின்னிணைப்பில் ஏழு நற்சான்றுக் கடிதங்கள். கோவில் கமிட்டித் தலைவர் ஒருவர், இவர் இருபது வருஷமாகக் காவடி எடுக்கிறார் என்று எழுதியிருந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் இவர் செய்தது என்னவென்று அந்தத் தலைவருக்குத் தெரியுமா? குற்றம் இன்னதென்று தெரிந்தும் இவரை நம்புகிறேன் என எழுதும் ஒரு கடிதம் போதும். தெரியாமல் எழுதிய ஏழும் வெறும் காகிதம்.

அப்புறம், மண்டேலாவை இழுப்பது. அவரும் அட்டர்னிதான். 1954இல் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கக் கேட்ட மனுவை டிரான்ஸ்வால் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது உண்மை. 1965இல் பெயர் நீக்கப்பட்ட பிராம் ஃபிஷரை, மண்டேலாவுக்காக வாதாடிய நிறவெறி எதிர்ப்பு வக்கீலை, இறந்து பல காலம் கழித்து 2003இல் மீண்டும் சேர்த்ததும் உண்மை. ஆனால் அவர்கள் மீது வந்தது அரசியல் காரணமாக வந்த நடவடிக்கை. கட்சிக்காரர் காசைத் தொட்டவர் அந்தப் பெயர்களை மனுவில் எழுதினால் நீதிபதிக்கு எரிச்சல்தான் வரும்.

உத்தரவு சாதகமாக வந்த மறுநாளே பலகையை மாட்டிவிடுவது கடைசித் தவறு. வக்கீல் கையாடிய பணத்துக்குக் கட்சிக்காரருக்கு ஈடு கொடுக்கும் நிதிதான் ஃபிடெலிட்டி ஃபண்ட். சொந்தமாக அலுவலகம் நடத்தும் அட்டர்னிக்கு அதன் சான்றிதழ் கையில் இருக்கவேண்டும், டிசம்பர் 31 வந்தால் சான்றிதழ் காலாவதி. அது இல்லாமல் தொழில் செய்வது தனிக் குற்றம். நம் சாட்ஸ்வொர்த்காரர் பலகைக்கு ஏற்கெனவே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். பிரமாணப் பத்திரத்தை இப்போதுதான் முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்.