டாக்கோவுக்கு மொறுமொறு ஓடு வேண்டாம்

டார்ட்டியா எனும் மெல்லிய ரொட்டியில் உள்ளீட்டை வைத்து மடித்துச் சாப்பிடும் மெக்சிகோ உணவான டாக்கோ செய்ய, அமெரிக்கத் துரித உணவுக் கடைகளில் தரும் வளைந்த மொறுமொறு ஓட்டைத் தேடாதீர்கள். மக்காச்சோள டார்ட்டியாவை எண்ணெய் விடாத சூடான தோசைக்கல்லில் பக்கத்துக்கு 30 நொடி வாட்டி, துணியில் சுற்றி 5 நிமிடம் மூடி வையுங்கள். மெக்சிகோவில் பெரும்பாலும் இந்த மெத்தென்ற டாக்கோதான். மேலே வெங்காயம், கொத்தமல்லி, சல்சா (மெக்சிகோ காரச் சட்னி), எலுமிச்சை போதும், செடார் சீஸ் வேண்டவே வேண்டாம்.

ஆறிய மாவுச்சத்து இறுகுவதால்தான் மடிக்கும்போது டார்ட்டியா கிழிகிறது. சூடு அதை இளக்கும். துணிக்குள் நிற்கும் ஆவி ஈரத்தைக் காக்கும். பாக்கெட்டில் சுண்ணாம்பு சேர்த்தது என்று இருக்கிறதா பாருங்கள். சுண்ணாம்பு நீரில் வேகாத சாதாரண மக்காச்சோள மாவில் தட்டினால் உதிர்ந்துவிடும்.

டாக்கோஸ் டொராடோஸ் (பொரித்த டாக்கோ), டோஸ்டாடா (தட்டையாகப் பொரித்த டார்ட்டியா) இரண்டுக்கும் இது பொருந்தாது. அவை மெக்சிகோவிலும் பொரித்து மொறுமொறுப்பாகவே பரிமாறப்படுபவை.